“வீட்டில விழுந்தன்” என்று மட்டும் சொல்லாதீர்கள்

போன இதழில் வேலைத்தளக் காயம் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு இவ்வளவு கடிதம் வருமென்று நினைக்கவில்லை. கச்சேரி (மாவட்டச் செயலகம்) பக்கம் உட்கார்ந்து பல வருஷம் மனு எழுதிக் கொடுத்தவன் நான், சட்டத்தரணி இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். பெயர் போட வேண்டாமென்று கிட்டத்தட்ட எல்லோரும் கேட்டிருந்ததால் ஊரை மட்டும் போடுகிறேன்.

கன்னியாவிலிருந்து ஒரு தம்பி: ஐயா, எனக்கு 23 வயது. ஒரு மரவேலைப் பட்டறையில் இரண்டு வருஷமாக நாட்கூலி, நாளுக்கு 2,500 ரூபா. போன மாதம் பலகை அறுக்கும்போது வட்ட வாளில் வலக்கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் போய்விட்டன. முதலாளியே காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியில், “வீட்டில தேங்காய் வெட்டேக்க கத்தி பட்டது எண்டு சொல்லு, இல்லாட்டி பொலிஸ், லேபர் எண்டு நீயும் இழுபடோணும்” என்றார். வலியில் அப்படியே சொல்லிவிட்டேன். பிறகு 25,000 ரூபா தந்து வெள்ளைப் பேப்பரில் கையெழுத்து வாங்கினார். இப்போது போன் எடுத்தால் பதிலே இல்லை. நியமனக் கடிதம், ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) ஒன்றும் கிடையாது. எனக்கு ஏதாவது உரிமை இருக்கிறதா?

இருக்கிறது தம்பி. ஆனால் முதலில் அந்தப் பொய்யைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் உங்கள் வழக்கை விழுத்தக்கூடியது விரலும் இல்லை, வெள்ளைப் பேப்பரும் இல்லை, அதுதான். நான் எழுதிய மனுக்களில் தோற்றுப்போனவற்றை எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் சொன்ன ஒரு வசனத்தால்தான் தோற்றன. “வீட்டில விழுந்தன்.” “சைக்கிளால விழுந்தன்.” அங்கே இருக்கிற டொக்டர் நீங்கள் சொல்வதைத்தான் கட்டில் தலைமாட்டில் தொங்கும் அட்டையில் எழுதுவார். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது அந்த அட்டை ஆஸ்பத்திரிப் பதிவறைக்குப் போய்விடும், நீங்களும் மறந்துவிடுவீர்கள். ஒரு வருஷம் கழித்து விசாரணையில் முதலாளியின் சட்டத்தரணி அதன் பிரதியை எடுத்து மேசையில் வைப்பார். அவர் வேறொன்றும் சொல்லத் தேவையே இல்லை.

சரி, சொல்லியாகிவிட்டது, இனி என்ன செய்யலாம்? நீங்கள் இன்னும் கிளினிக்குக்குப் போய்வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த முறை போகும்போது டொக்டரிடம் நடந்ததை நேரே சொல்லுங்கள், ஏன் மாற்றிச் சொன்னேன் என்பதையும் சொல்லி, கிளினிக் கொப்பியில் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்களுக்கு இது புதிதில்லை. அப்புறம் ஒன்று யோசித்துப் பாருங்கள்: தேங்காய்க் கத்தி வெட்டினால் காயம் நேராக இருக்கும், வட்ட வாள் சதையையும் எலும்பையும் கிழித்துக்கொண்டு போகும். காயத்தைக் கழுவும்போது மரத்தூள் வந்திருக்கும். அதைத் தாதியோ டொக்டரோ ஒரு சொல் எழுதி வைத்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அன்றைக்கு பட்டறையில் கூட நின்றவர் யார், விரலைத் துணியில் சுற்றியவர் யார், முதலாளியின் காரில் உங்களைத் தாங்கிக்கொண்டு போனவர் யார் என்று இன்றைக்கே எழுதி வையுங்கள். முதலாளி உங்கள் வீட்டுக்கு எடுத்த போன், அனுப்பிய வாட்ஸ்அப், எதையும் அழிக்காதீர்கள். வீட்டில் தேங்காய் வெட்டி விரல் போனவனுக்கு முதலாளி எதற்கு 25,000 கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு அவராலும் லேசில் பதில் சொல்ல முடியாது.

இலங்கையில் இதற்கான சட்டம் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தில், 1934 ஆம் ஆண்டு 19 ஆம் இலக்கமாக வந்தது, பிறகு பல தடவை திருத்தியிருக்கிறார்கள். நியமனக் கடிதம் இருந்தால்தான் வேலையாள் என்று அதில் இல்லை. வாய்ப்பேச்சில் வேலைக்கு வைத்திருந்தாலும், நாட்கூலியானாலும், ஒரு துண்டுக்கு இவ்வளவு என்று பேசினாலும், அவருடைய தொழிலுக்காக அவருக்குக் கீழ் வேலை செய்தீர்கள் என்பதுதான் முக்கியம். வேலையினால், வேலையின்போது நடந்த விபத்து என்றால் நட்டஈடு கொடுக்கும் பொறுப்பு முதலாளியுடையது. அவர் இன்சூரன்ஸ் போட்டிருந்தால் கம்பெனி கட்டும், போடாவிட்டால் தன் மடியிலிருந்து கட்ட வேண்டும். “நான் இன்சூரன்ஸ் போடேல்லயே” என்பது ஒரு பதிலே இல்லை.

வெள்ளைப் பேப்பர் கையெழுத்தை நினைத்து இரவில் நித்திரை இல்லை என்று கடிதக் கடைசியில் எழுதியிருந்தீர்கள். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. முதலாளியும் வேலையாளும் ஒரு தொகைக்கு உடன்பட்டால்கூட அந்த உடன்படிக்கையை நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிய வேண்டும், தொகை போதாது என்று கண்டால் அவர் பதிய மறுக்கலாம். ஆகவே அந்தப் பேப்பரில் பிறகு என்ன எழுதி நிரப்பியிருந்தாலும் பயப்பட வேண்டாம். ஆனால் வாங்கிய 25,000 ஐ மட்டும் மறைக்காதீர்கள், வாங்கினேன் என்றே மனுவில் போடுங்கள். ஒரு பொய் ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது, இரண்டாவதைச் சேர்க்க வேண்டாம்.

எவ்வளவு கிடைக்கும் என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. சட்டத்தின் பின்னால் அட்டவணைகள் இருக்கின்றன. ஒன்றில் எந்த உறுப்புப் போனால் உழைக்கும் சக்தியில் எத்தனை வீதம் போனதாகக் கொள்வது என்று இருக்கும். இரண்டு கண்ணும் போனால் 100 வீதம், அங்கிருந்து கீழே ஒவ்வொரு விரலுக்கும் கணுவுக்கும் ஒரு வீதம். இன்னொன்றில் மாதச் சம்பளத்துக்கு ஏற்றபடி முழுத்தொகை இருக்கும். பேச்சுக்குச் சொன்னால், உங்கள் சம்பளப் படிக்கு முழுத்தொகை 10 இலட்சம், உங்கள் காயத்துக்கு 20 வீதம் என்று வந்தால் 2 இலட்சம். இது கணக்குப் போடும் விதத்தைக் காட்டத்தான், உங்கள் விரலுக்கான விலை இல்லை. உச்சவரம்பு முன்பு 550,000 ரூபாவாக இருந்தது, 2022 திருத்தத்தோடு 20 இலட்சமாக ஏறியது. இது போக, வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கிற காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒரு தடவை ஒரு கொடுப்பனவு உண்டு, ஐந்து வருஷத்துக்கு மேல் போகாது. சின்னக் கீறலுக்கும் ஒன்றிரண்டு நாளில் ஆறுகிற காயத்துக்கும் இந்தச் சட்டத்தில் இடமில்லை, உங்களுடையது அதுவல்ல.

கணக்கெல்லாம் சம்பளத்தில் நிற்பதால் நாளுக்கு 2,500, மாதத்தில் எத்தனை நாள் என்பதை நிரூபிக்கப் பாருங்கள். சம்பளத் துண்டு இல்லையென்றால் பட்டறைக் கொப்பியில் உங்கள் பெயருக்கு நேரே போட்ட கோடுகளின் படம், கூட வேலை செய்தவரின் சாட்சி, கடையில் மாதாமாதம் தீர்த்த கடன் கணக்கு, எதுவானாலும் உதவும். ஈபிஎஃப் கட்டாதது வேறொரு குற்றம். உங்கள் பங்கு 8 வீதம், அவர் பங்கு 12, அதோடு ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) என்று அவர் கட்ட வேண்டியது 3, இதைத் திருகோணமலைத் தொழில் அலுவலகத்தில் தனி முறைப்பாடாகக் கொடுங்கள். அந்த முறைப்பாட்டில் நீங்கள் அவருடைய வேலையாள் என்பது நிரூபணமானால், அது இந்த வழக்குக்கும் கைகொடுக்கும்.

முதலாளிக்கு விபத்தை எழுத்தில் அறிவித்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பற்றுச்சீட்டைக் கிழிந்துபோகாமல் வையுங்கள். நட்டஈட்டு ஆணையாளரின் அலுவலகம் கொழும்பில் இருக்கிறது, விண்ணப்பம் அங்கேதான் போக வேண்டும். மனுவுக்குக் கால எல்லை உண்டு. நியாயமான காரணம் இருந்தால் பிந்தியதையும் ஏற்கலாம்தான், அதை நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம், இந்த மாதமே அனுப்புங்கள். சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கென்றே அது இருக்கிறது.

இன்னொன்று. வாளின் மேல் மூடி இருந்ததா? பல பட்டறைகளில் அதைக் கழற்றிச் சுவரில் மாட்டியிருப்பார்கள், வேலை கெதியாக ஓடவேண்டுமாம். நானே 19 வயதில் அப்படியொரு பட்டறையில் கணக்கு எழுதியிருக்கிறேன். மூடிக்குப் பக்கத்தில் சாமிப்படம் மாட்டி, மூடிக்கும் சேர்த்துச் சாம்பிராணி காட்டுவார்கள். கழற்றியது முதலாளி என்றால் அதை மனுவில் எழுதுங்கள். 1942 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி ஆபத்தான இயந்திரப் பாகத்துக்குக் காப்பு இருக்க வேண்டும், பெரிய விபத்தைத் தொழிற்சாலைப் பரிசோதகருக்கு அறிவிக்கவும் வேண்டும்.

சீனக்குடாவிலிருந்து ஒருவர்: களஞ்சியத்தில் மூட்டை ஏற்றும்போது தலையில் விழுந்து காயம். நான் தலைக்கவசம் போடவில்லை, ஆகவே பிழை என்னுடையது, ஒரு சதமும் இல்லை என்கிறார் சூப்பர்வைசர். சரியா?

சரியில்லை. இந்தச் சட்டத்தில் யார் பிழை என்பது முதல் கேள்வியே இல்லை. கவனக்குறைவு வேறு, வேண்டுமென்று மீறுவது வேறு. குடிபோதையில் இருந்தது, பாதுகாப்புக்கென்று தெளிவாகச் சொன்ன கட்டளையை வேண்டுமென்றே மீறியது, காப்பைத் தெரிந்தே கழற்றியது, இவற்றால்தான் விபத்து நடந்தது என்று முதலாளி காட்டினால் அவர் தப்பலாம். அதுகூட மரணம் நேர்ந்தால் செல்லாது. உங்களுக்குத் தலைக்கவசம் கொடுத்தார்களா, போடு என்று யாராவது எப்போதாவது சொன்னார்களா? சூப்பர்வைசர் தன் தலையில் போட்டிருந்தாரா என்றும் கேட்டுப் பாருங்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு சகோதரி: என் மாப்பிள்ளை (கணவர்) மேசன். நிலாவெளியில் ஹோட்டல் கட்டிடத்தில் சாரம் சரிந்து விழுந்து மௌத்தாகிவிட்டார் (இறந்துவிட்டார்). மூன்று பிள்ளைகள், மூத்தவனுக்கு 9 வயது. அவரைக் கூட்டிப்போனது, ஆட்களைச் சேர்த்து வேலை எடுத்துச் செய்யும் எங்கள் ஊர்ப் பாஸ். பாஸுக்கு வேலை கொடுத்தது கொழும்புக் கொந்தராத்துக் கம்பெனி. நான் இத்தாவில் (கணவர் இறந்தபின் வீட்டோடு இருக்கும் காலம்) இருப்பதால் வெளியே போக முடியவில்லை. கம்பெனிக்காரர் வந்து மாப்பிள்ளையின் தம்பியிடம் 2 இலட்சம் கொடுத்து எல்லாம் முடிந்தது என்று சொல்லிப் போனார்களாம். பாஸ் தன்னிடம் ஒன்றுமில்லை என்கிறார். ஹோட்டல்காரர் எனக்குத் தெரியாது என்கிறார். நான் யாரிடம் கேட்பது?

தங்கச்சி, முதலில் உங்களுக்கு எங்கள் அனுதாபம். முடிந்தது என்று அவர்கள் சொல்வது முடிந்ததாகாது. மரணம் நேர்ந்தால் நட்டஈட்டை ஆணையாளரிடம் வைப்பிலிட வேண்டும், அவர்தான் இறந்தவரின் உழைப்பில் தங்கியிருந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். நேரே ஒருவர் கையில் கொடுத்த காசு சட்டத்தின் கண்ணில் நட்டஈடு கொடுத்ததாக ஆகாது. இந்த ஏற்பாடே உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் வந்தது, வீட்டு ஆம்பிளை ஒருவர் வாங்கி மனைவி பிள்ளைகளுக்குப் போய்ச் சேராமல் போவது அந்தக் காலத்திலேயே நடந்திருக்கிறது. உங்கள் கொழுந்தனை நான் குறை சொல்லவில்லை, அவர் அந்த நேரத்தில் கபன் துணி, கப்றுக் குழி, ஊர்ச்சோறு என்று ஓடியிருப்பார். எவ்வளவு வாங்கினார், யார் தந்தது, எதில் கையெழுத்து வைத்தார் என்பதை மட்டும் அவரிடமிருந்து எழுத்தில் வாங்கி வையுங்கள். பிள்ளைகளின் பங்கை அவர்கள் வளரும்வரை பாதுகாப்பாக வைப்பிலிடவும் ஆணையாளரால் முடியும்.

யாரிடம் கேட்பது? ஒரு தொழில்காரர் தன் தொழிலின் ஒரு பகுதியை இன்னொருவருக்குக் கொந்தராத்துக் கொடுத்தால், அந்தக் கீழ்க் கொந்தராத்துக்காரரின் வேலையாளுக்கு நடந்த விபத்துக்கும் அவரே பொறுப்பு. கட்டடம் கட்டுவதுதான் கொழும்புக் கம்பெனியின் தொழில், அதில் ஒரு பகுதியைத்தான் பாஸுக்குக் கொடுத்தது, ஆகவே நீங்கள் கம்பெனியையே பிடிக்கலாம். பிறகு அது பாஸிடம் அறவிடுவதா இல்லையா என்பது அவர்கள் இருவருக்கும் உள்ள கணக்கு. ஹோட்டல்காரர் விஷயம் வேறு. அவருடைய தொழில் அறை வாடகைக்கு விடுவது, கட்டடம் கட்டுவது அல்ல. அவரைப் பிடிப்பது கஷ்டம். இதே காரணத்தால்தான், நம் வீட்டு ஓடு மாற்ற ஒரு நாளைக்குக் கூப்பிட்டவர் கூரையிலிருந்து விழுந்தால் பெரும்பாலும் இந்தச் சட்டம் அவருக்குக் கைகொடுப்பதில்லை. நமக்கு அது தொழிலும் இல்லை, அவருக்கு அது நிரந்தர வேலையும் இல்லை. அது எனக்கு ஒருநாளும் நியாயமாகப் பட்டதில்லை.

இத்தா முடியும்வரை காத்திருக்க வேண்டாம். விண்ணப்பத்தைத் தபாலில் அனுப்பலாம், உங்கள் சார்பில் சட்டத்தரணி நடமாடலாம். கலியாணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மரணச் சான்றிதழ், மரண விசாரணை அறிக்கை, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, இவ்வளவையும் ஒரு உறையில் சேர்த்து வையுங்கள். பாஸோடு கோபித்துக்கொள்ளாதீர்கள், அன்றைக்கு உங்கள் மாப்பிள்ளை எவ்வளவு சம்பளத்துக்கு வேலை செய்தார், சாரத்தைக் கட்டியது யார் என்பதற்கு அவர்தான் உங்கள் சாட்சி.

உவர்மலையிலிருந்து ஒரு பிள்ளை: வேலைக்குப் போகும் வழியில் அநுராதபுரச் சந்தியில் ஸ்கூட்டியை ஓட்டோ இடித்துக் கால் முறிந்தது. அலுவலகம் இது வேலைத்தளத்தில் நடக்கவில்லை என்கிறது.

முன்பு அப்படித்தான் சொல்வார்கள், 2022 திருத்தம் வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் போய்வரும் வழியையும் உள்ளே கொண்டுவந்துவிட்டது. பொலிஸ் முறைப்பாட்டில் எத்தனை மணிக்கு, எங்கே போகும்போது என்று இருக்கிறதா என்று பாருங்கள். இடையில் தையல்காரியிடம் போய்விட்டுப் போனீர்களென்றால் சண்டை வரும். ஓட்டோவின் இன்சூரன்ஸிடம் கேட்பது வேறு வழி. ஆனால் முதலாளிக்கு எதிராக, நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கும் இந்தச் சட்டத்தின்கீழ் மனுவும் என்று இரண்டையும் போட முடியாது, ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். தெரிவு செய்வதற்கு முன் சட்டத்தரணியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கொட்பேயிலிருந்து: நெடுநாட் படகில் போகிறேன். வலை இழுக்கும்போது கயிறு சுற்றி மணிக்கட்டு நொருங்கிவிட்டது. படகுக்காரர், “நீ கூலி இல்லை, பங்காளி, பங்காளிக்கு நட்டஈடு ஏது” என்கிறார்.

கெட்டிக்காரர். பிடித்த மீனை விற்று, டீசலும் ஐஸும் சாமானும் கழித்து மிச்சத்தைப் பங்கு போடுவதால் உங்களைப் பங்காளி என்கிறார். இதில் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது, நடந்த விதத்தை வைத்துத்தான் முடிவாகும். படகும் வலையும் யாருடையவை? எப்போது போவது, எங்கே வலை விடுவது என்று சொல்வது யார்? நட்டப்பட்டுக் கரைக்கு வந்தால் டீசல் கடனில் உங்கள் பங்கையும் கட்டினீர்களா, அல்லது அது முதலாளி தலையில் நின்றதா? நாளைக்கு வர வேண்டாம் என்று அவர் சொன்னால் நீங்கள் நிற்க வேண்டியதுதானே? இதற்கெல்லாம் பதில் “அவர்” என்று வந்தால் பங்கு என்பது சம்பளம் கொடுக்கும் ஒரு முறைதான் என்று வாதாட இடமுண்டு. முற்பணம் வாங்கிய துண்டு இருந்தால் அதையும் எடுங்கள், பங்காளிக்கு யாரும் முற்பணம் கொடுப்பதில்லை. படகு வெளிக்கிடும்போது துறைமுகத்தில் கொடுத்த ஆட்பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும், அதன் பிரதியும் வேண்டும். கயிறு சுற்றிய பிறகு எத்தனை நாள் கடலில் வைத்திருந்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதை மனுவில் எழுதுங்கள்.

மூதூரிலிருந்து ஒருவர்: ஆணையாளர் அலுவலகத்திலிருந்து சிங்களத்தில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. பள்ளிக்கூட மாஸ்டரிடம் கொடுத்து வாசித்தேன். ஏதோ டொக்டரிடம் போகச் சொல்கிறதாம். போகாவிட்டால் என்ன?

போங்கள். காயத்தைச் சோதிக்கக் கூப்பிட்டு நீங்கள் காரணமில்லாமல் போகாவிட்டால் உங்கள் உரிமை அந்த இடத்தில் நின்றுவிடும். முதலாளி தன் செலவில் டொக்டரிடம் காட்டச் சொன்னாலும் போகத்தான் வேண்டும். பழைய எக்ஸ்ரே, டயக்னோசிஸ் கார்ட் எல்லாம் கொண்டுபோங்கள், மூலத்தைக் கொடுக்காமல் போட்டோக் கொப்பியைக் கொடுங்கள். கடிதத்துக்குத் தமிழிலேயே பதில் எழுதுங்கள், இனித் தமிழில் அனுப்பச் சொல்லியும் ஒரு வரி சேருங்கள், அரச அலுவலகத்தோடு தமிழில் எழுத்துத் தொடர்பு வைப்பது உங்கள் உரிமை. மேலே வலது மூலையில் அவர்கள் போட்டிருக்கும் கோப்பு இலக்கத்தைப் பார்த்து அப்படியே எழுதுங்கள், அது இல்லாமல் போன கடிதம் எந்தக் கோப்பிலும் போய்ச் சேராது.